டிரஸ்ஸர் ஐயாவின் பெயர் என்ன?



கெடா மாநிலத்தின் ஆரம்பகால டாக்டர்கள் யார் என்று கேட்டால், சரித்திரம் படித்தவர்கள் சில பெயர்களைச் சொல்வார்கள். பிரிட்டிஷ் ஆலோசகர் காலத்தின் தொடக்கத்தில் மாநில சர்ஜனாக இருந்து, பிற்பாடு ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் முழுமைக்கும் தலைமை மருத்துவ அதிகாரியான டாக்டர் ஹூப்ஸ் ஒருவர். 1953-ல் சிங்கப்பூரில் மருத்துவப் படிப்பை முடித்து, அலோர்ஸ்டார் அரசு மருத்துவமனையில் பணியாற்றி, 1957-ல் அதே ஊரில் 'மகா' கிளினிக்கைத் திறந்த டாக்டர் மகாதீர் முகமது இன்னொருவர்.

இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஏறக்குறைய அரை நூற்றாண்டு கிடக்கிறது. அந்த அரை நூற்றாண்டில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் குளிர்காய்ச்சலில் நடுங்கியவனுக்குக் கொயினா கொடுத்தவர் யார்? பால்வெட்டுக் கத்தி காலில் இறங்கியவனுக்குக் கட்டுப் போட்டவர் யார்? நள்ளிரவில் லயத்துக்கு ஓடி வந்து பிள்ளைப்பேறு பார்த்தவர் யார்?

தோட்டத்து மக்கள் அவரை 'டிரஸ்ஸர் ஐயா' என்றார்கள். பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாத பெயர் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாத பெயர் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. கடாரத்தைக் கொண்ட ராஜேந்திர சோழனைப் பற்றித் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்வெட்டு இருக்கிறது. அதே கடாரத்தில் 80 ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டனின் உயிரைக் காத்தவருக்கு ஒரு வரி எழுத்து இல்லை.

அவர்களைத் தேட முடியுமா, எங்கே தேடுவது, தேடி என்ன ஆகப்போகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்வதே இன்றைய உரையின் நோக்கம்.

யார் இந்த டிரஸ்ஸர்?

புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவர் என்பதுதான் டிரஸ்ஸர் என்ற சொல்லின் நேர்ப்பொருள். தோட்டத்தில் அவர் வேலை அதோடு நிற்கவில்லை. பட்டம் பெற்ற டாக்டர் ஒருவர் பல தோட்டங்களுக்குப் பொதுவாக இருப்பார். குறிப்பிட்ட நாளில் காரில் வருவார், படுக்கைகளைச் சுற்றிப் பார்ப்பார், புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் நோயாளிக்கும் சாவுக்கும் நடுவே நின்றவர் டிரஸ்ஸர்தான்.

விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே அவர் வேலை தொடங்கிவிடும். யாருக்கு உடம்பு சுடுகிறது, யார் கண் மஞ்சளாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொயினா, பேதி உப்பு, விளக்கெண்ணெய், டிஞ்சர் ஆகியவை அவர் அலமாரியின் முக்கியச் சரக்கு. மருந்து கலப்பவரும் அவரே, ஊற்றிக் கொடுப்பவரும் அவரே, கணக்கு எழுதுபவரும் அவரே.

அந்தக் காலத்தில் காய்ச்சல் அவ்வளவு கடுமையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. காட்டை அழித்து ரப்பர் நட்டபோது மலையடிவாரத்து ஓடைகள்மேல் வெயில் விழத் தொடங்கியது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது மாக்குலேட்டஸ் என்ற கொசு. மலாயாவின் குன்றுப் பகுதிகளில் மலேரியாவைப் பரப்பியதில் முதலிடம் அதற்குத்தான். 1897-ல் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1901-லிருந்து மால்கம் வாட்சன் கிள்ளானில் வடிகால் வெட்டிக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். இந்த இருவரும் உலகப் புகழ் பெற்றார்கள். அவர்கள் கண்டுபிடித்ததைத் தோட்டம் தோட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது, ஓடையில் எண்ணெய் தெளித்த கூலியாளும் மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்தில் நின்ற டிரஸ்ஸரும்தான்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? சென்னை மாகாணத்திலிருந்தும், மலபாரிலிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும் பலர் வந்தார்கள். சென்னையில் 1835-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் 1848 முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். பிறகு தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். சிங்கப்பூர் மருத்துவப் பள்ளி 1905-ல்தான் திறக்கப்பட்டது. 1910-ல் அங்கிருந்து வெளிவந்த முதல் அணியில் ஏழே பேர். ரப்பர் பெருகிய வேகத்துக்கு ஏழு டாக்டர்கள் எந்த மூலைக்கு? அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் டிரஸ்ஸர்களும் மருத்துவ உதவியாளர்களும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. டிரஸ்ஸர்கள் எல்லாரும் தெய்வங்கள் அல்ல. சம்பளம் கொடுத்தவர் துரை. 'இவன் நோயாளி' என்று டிரஸ்ஸர் சீட்டு எழுதினால்தான் அன்று வேலைக்குப் போகாமல் இருக்கலாம். சீட்டு இல்லையென்றால் அது வராத நாள், கூலி இல்லாத நாள். சீட்டு எழுதத் தயங்கிய டிரஸ்ஸர்களை மக்கள் திட்டியதும் உண்டு. மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நின்ற மனிதர் அவர். அதனாலேயே அவரைப் பற்றித் தெரிந்துகொள்வது முக்கியம்.

பெயர் ஏன் விடுபட்டது?

ஆவணங்கள் இல்லாததால் பெயர் விடுபட்டது என்று நினைத்தால் அது தவறு. பிரிட்டிஷ் நிர்வாகம் எழுதாத நாள் இல்லை. ஆண்டறிக்கை, மருத்துவ அறிக்கை, தொழிலாளர் அறிக்கை, அரசிதழ் என்று அலமாரி அலமாரியாக இருக்கிறது. கேள்வி, அவை எதற்காக எழுதப்பட்டன என்பதே.

தோட்ட மருத்துவ அறிக்கைகள் இரண்டு கணக்குகளுக்காக எழுதப்பட்டன. ஒன்று செலவு. மற்றொன்று சாவு. கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911-ல் ஆயிரம் தொழிலாளர்களுக்கு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த எண் கோலாலம்பூரையும் லண்டனையும் சென்னையையும் கலங்க வைத்தது. ஆள் செத்தால் ரப்பர் வெட்ட ஆள் இல்லை, புதிய ஆளைக் கப்பலேற்றச் செலவு. எனவே எத்தனை படுக்கை, எத்தனை நோயாளி, எத்தனை சாவு என்று எண்ணினார்கள். 'ஒரு டிரஸ்ஸர் இருக்கிறார்' என்று எழுதினால் கணக்கு நேராகிவிடும். அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை.

அடுத்தது மருத்துவர் பதிவேடு. பட்டமோ, ஏற்கப்பட்ட உரிமமோ உள்ளவர்களின் பெயரே அதில் ஏறும். சிங்கப்பூரில் படித்தவர்களின் தகுதியையே பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் 1916-ல்தான் ஏற்றுக்கொண்டது. டிரஸ்ஸர் அந்தப் பட்டியலின் வாசலுக்கே வர முடியாது. மலேசியாவில் எஸ்டேட் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது 1965-ல். பெயரை எழுதி வைக்கச் சொல்லும் அந்தச் சட்டம் வந்தபோது, முதல் தலைமுறை டிரஸ்ஸர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றிருந்தார்கள் அல்லது மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

யார் எழுதினாரோ அவர் பெயரே நிற்கும் என்பதற்குப் பெரிபெரி நோயின் கதை நல்ல உதாரணம். கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, ஆள் திடீரென்று சாயும் அந்த நோய் மலாயாவில் சீனத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போனது. தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. காரணம், தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கே நோய் வந்தது. நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் இந்த வேறுபாட்டைக் கவனித்து 1907-ல் புத்தகம் எழுதினார். பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் அதே காலத்தில் சாலை போடும் தொழிலாளர்களிடம் சோதித்து உறுதி செய்தார்கள். அந்த டாக்டர்களின் உழைப்பு பெரியது, சந்தேகமில்லை. ஆனால் நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்களின் பெயர் எந்த மருத்துவ நூலிலும் இல்லை. டிரஸ்ஸருக்கு நேர்ந்ததும் அதுவே.

லயத்து மருத்துவச்சியின் நிலை இன்னும் மோசம். டிரஸ்ஸராவது 'ஒரு டிரஸ்ஸர்' என்று எண்ணிக்கையில் வந்தார். நூறு பிள்ளைகளைக் கையில் ஏந்திய மருத்துவச்சி எண்ணிக்கையிலும் வரவில்லை.

எங்கே தேடுவது?

தேடுகிறவர்கள் முதலில் செய்யும் பிழை, தவறான அலமாரியைத் திறப்பது. பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மலாய் மாநிலங்கள். அவற்றின் மருத்துவ அறிக்கைகள் நூலகங்களில் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் கெடா அந்தக் கூட்டில் இல்லை. 1909 மார்ச்சில் கையெழுத்தான பாங்காக் ஒப்பந்தத்தால் சயாமின் கீழிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு வந்த கெடா, கூட்டுக்கு வெளியே தனியாக நின்றது. ஜார்ஜ் மேக்ஸ்வெல் முதல் பிரிட்டிஷ் ஆலோசகராக வந்தார். கெடாவின் அறிக்கை தனி, அரசிதழ் தனி, சட்டம் தனி.

இரண்டாவது சிக்கல் ஆண்டுக் கணக்கு. தொடக்ககாலக் கெடா ஆண்டறிக்கைகள் ஹிஜ்ரி ஆண்டில் எழுதப்பட்டவை. ஹிஜ்ரி 1327 என்பது 1909 ஜனவரி 23-ல் தொடங்கியது. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கம் முன்னால் நகரும். ஹிஜ்ரி 1332 தொடங்கியது 1913 நவம்பர் 30-ல். இதைக் கவனிக்காமல் '1332 என்றால் 1913' என்று எழுதினால் ஓர் ஆண்டுத் தவறு வந்துவிடும். ஒருவர் எப்போது வேலையில் சேர்ந்தார், எப்போது இறந்தார் என்று பொருத்திப் பார்க்கும்போது அந்த ஓர் ஆண்டு முழுத் தேடலையும் வேறு ஆளிடம் கொண்டுபோய் விடும்.

மூன்றாவது, சுல்தான் அப்துல் ஹமீதின் கடிதத் தொகுப்பு. 1882 முதல் 1943 வரையிலான இந்தக் கடிதங்களை யுனெஸ்கோ 2001-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்பில் இருக்கும் இந்தத் தொகுப்பு கெடாவின் நிர்வாக வாழ்க்கைக்கு ஒரு சுரங்கம். ஆனால் பெரும்பகுதி ஜாவி எழுத்தில் உள்ள மலாய். ஜாவியில் உயிர்க்குறிகள் பல இடங்களில் விடுபடும். தமிழ்ப் பெயர் ஒன்று அதில் வந்தால் அதை மீட்டுப் படிக்க ஜாவியும் தெரிய வேண்டும், தமிழும் தெரிய வேண்டும். இந்த இரண்டும் தெரிந்த இளைஞர்களை உருவாக்குவது பெரிய தொண்டு.

நான்காவது, இந்திய அரசின் ஏஜெண்ட் எழுதிய அறிக்கைகள். 1922-ல் வந்த இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மலாயாவில் ஓர் ஏஜெண்ட் நியமிக்கப்பட்டார். தோட்டங்களைப் பார்வையிட்டுக் கூலி, வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றைப் பற்றி ஆண்டுதோறும் எழுதுவது அவர் கடமை. துரைமார் அறிக்கையில் இல்லாத கண் இவர் அறிக்கையில் உண்டு.

இதோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தொழிலாளி பினாங்கில் இறங்கினார். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் இருந்தார். பிறகே கெடாவுக்கு வந்தார். நாகப்பட்டினம் சென்னை மாகாணம், பினாங்கு ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், கூலிம் கெடா. ஒரே மனிதரின் உடல்நலக் கணக்கு மூன்று அரசுகளின் அலமாரியில் பிரிந்து கிடக்கிறது. அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களின் தடமும் அப்படியே.

அரசு ஆவணங்களுக்கு வெளியே தேடுகிறவர்களுக்குத்தான் பெயர்கள் அதிகம் கிடைக்கும். 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன 'தமிழ் நேசன்', 1935-ல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' போன்ற பத்திரிகைகளின் பழைய பக்கங்களில் பிரிவுபசார விழா, திருமணம், மரண அறிவித்தல், நன்கொடைப் பட்டியல் என்று வரும் சின்னச் செய்திகளைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் வைத்திருக்கிறது. அடுத்தது தோட்டத்துக் கோயில். முருகன் கோயில் முன்மண்டபத்தில், மாரியம்மன் கோயில் மணியில், தமிழ்ப்பள்ளிச் சுவரில் 'உபயம்' என்று பொறித்த பெயர்களைப் படித்துப் பாருங்கள். கிராணி, ஆசிரியர், டிரஸ்ஸர் ஆகியோர் பெயர்கள் அங்கேதான் தொழிலோடு சேர்ந்து கிடைக்கும். கிறிஸ்தவர் என்றால் மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடும் கல்லறைக் கல்லும் உதவும்.

பெயர் கிடைத்தாலும் ஆள் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒரே செல்லையா ஆங்கிலத்தில் நான்கு விதமான எழுத்துக்கூட்டலில் வருவார். ஒரு பட்டியலில் 'சி' வரிசையிலும் இன்னொரு பட்டியலில் 'எஸ்' வரிசையிலும் இருப்பார். பிள்ளை என்பது பெயரா, பட்டமா என்று தெரியாத வெள்ளைக்கார எழுத்தர் நாலு பேரையும் 'பிள்ளை' என்றே எழுதி வைத்திருப்பார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டும் வழக்கமும் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்கள் தமிழறிஞர்களுக்குத் தெரிந்தவை. முன்பாதி மட்டும் பட்டியலில் இருந்தால் அவர் தமிழர் என்றே தெரியாது. ஆகவே பெயர், தோட்டம், ஆண்டு மூன்றும் இரண்டு இடங்களிலாவது பொருந்தினால்தான் 'இவர்தான் அவர்' என்று எழுத வேண்டும்.

போர் தின்ற பக்கங்கள்

தேடல் 1941 டிசம்பர் வரை வந்து அங்கே இடறும். ஜப்பானியர் வடக்கிலிருந்து இறங்கியபோது முதலில் விழுந்த மாநிலங்களில் கெடாவும் ஒன்று. துரைமார் ஓடினார்கள். தோட்ட அலுவலகங்கள் அனாதையாகின. 1943 அக்டோபரில் கெடாவை ஜப்பான் சயாமிடம் ஒப்படைத்தது. நான்கு ஆண்டுக்குள் மூன்று ஆட்சிகள் கண்ட மாநிலத்தில் தோட்ட ஆஸ்பத்திரிப் புத்தகத்தை யார் காப்பாற்றியிருப்பார்கள்?

அதே ஆண்டுகளில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தன. 1943-ல் ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்த போர்க்கைதி டாக்டர்களையும் உதவியாளர்களையும் கே படை, எல் படை என்று இரு குழுக்களாக அனுப்பி ஆசியத் தொழிலாளர் முகாம்களில் வேலை செய்ய வைத்தார்கள். அந்த ரயில் பாதையில் கைதியாக இருந்த டாக்டர் ராபர்ட் ஹார்டி ரகசியமாக எழுதிய நாட்குறிப்பு 1983-ல் புத்தகமாக வந்தது. அதனால் அங்கே நடந்தது உலகுக்குத் தெரிந்தது. தொழிலாளர்களோடு போன தோட்டத்து மருத்துவ உதவியாளர் ஒருவர் அப்படி ஒரு நோட்டு எழுதியிருந்தால், நம் கையில் இன்று எவ்வளவு பெரிய சான்று இருந்திருக்கும்!

தேடி என்ன பயன்?

செத்துப்போனவர் பெயரைத் தேடி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இது செத்தவர்களைப் பற்றிய வேலை மட்டும் அல்ல, உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய வேலையும்கூட.

மலேசிய அரசியல் சட்டப்படி, 1957 ஆகஸ்ட் 31-லிருந்து 1962 அக்டோபர் பிறப்பதற்கு முன்புவரை கூட்டரசுக்குள் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அப்பா குடிமகனா, அம்மா குடிமகளா என்ற கேள்வியே அவருக்கு இல்லை. இங்கே பிறந்தார் என்பது போதும். ஆனால் இங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டுமே! லயத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்ட, பதிந்த காகிதத்தைத் தொலைத்த குடும்பங்கள் பல. தோட்டம் தோட்டமாக வேலை தேடி மாறியபோது தகரப் பெட்டியோடு காகிதமும் போனது. அப்படிப் பிறந்தவர்களில் நாட்டின் நீல அடையாள அட்டை இல்லாமல் முதுமை அடைந்தவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்தச் சிக்கல் தொடர்ந்தது.

பிறப்பைத் தாமதமாகப் பதியப் போகிறவரிடம் சான்று கேட்கப்படுகிறது. தோட்டத்தில் பிறந்தவருக்கு அந்தச் சான்று எங்கே இருந்திருக்கும்? டிரஸ்ஸர் எழுதிய பிரசவப் புத்தகத்தில் இருந்திருக்கும். மருத்துவச்சியின் நினைவில் இருந்திருக்கும். மருந்து வாங்கிய சீட்டில், பிள்ளைக்கு அம்மை குத்திய அட்டையில் இருந்திருக்கும். மாநில சர்ஜன் கையெழுத்திட்ட ஆண்டறிக்கையில் 'இத்தனை பிறப்பு' என்ற எண் இருக்கிறது. எண்ணைக் காட்டி யாரும் அடையாள அட்டை வாங்க முடியாது. பெயர் எழுதிய நோட்டு வேண்டும். அந்த நோட்டை எழுதியவர் யார், ஓய்வுபெற்று எந்த ஊருக்குப் போனார், அவர் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் நோட்டைத் தேடவே முடியும்.

ஆகவே ஒரு டிரஸ்ஸரின் பெயரைக் கண்டுபிடிப்பது அவருக்கு மாலை போடுவதற்காக மட்டும் அல்ல. அவர் எழுதியதில் ஒரு தோட்டமே இருக்கிறது. யார் பிறந்தார்கள், யாருக்கு என்ன நோய், யார் எதனால் செத்தார்கள் என்ற கணக்கு, துரை அலுவலகத்தில் தொகையாக மாறுவதற்கு முன்னால், ஆள் ஆளாக, பெயர் பெயராக இருந்தது அந்த மருந்துக் கொட்டகையில்தான்.

காலம் குறைவு

கெடாவில் தோட்டங்கள் வேகமாக மறைந்து வந்திருக்கின்றன. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. எண்ணெய்ப்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டமும் தொழிற்பேட்டையும் வந்தன. தோட்டம் கைமாறும்போது நிலப்பத்திரம் பத்திரமாகப் போகும். ஆஸ்பத்திரிப் புத்தகம் பழைய தாளோடு குப்பைக்குப் போகும். கோயிலைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய உபயக் கல்லை உடைத்துப் போட்டுப் பளிங்கு பதிக்கிறார்கள். அந்தக் கல்லில் இருந்த பெயர் அதோடு முடிந்தது.

இதற்குப் பெரிய பணமோ பல்கலைக்கழகப் பட்டமோ தேவையில்லை. கோயில் நிர்வாகக் குழுவினர் புதுப்பிப்பு வேலை தொடங்குமுன் பழைய கல்லையும் மணியையும் படம் எடுத்து வைக்கலாம். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பூச்சி அரிக்காமல் பாதுகாக்கலாம். 70, 80 வயதுப் பெரியவர்களிடம் பிள்ளைகள் நான்கு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளலாம்: உங்கள் தோட்டத்து டிரஸ்ஸர் யார்? எந்த ஊர்க்காரர்? உங்களுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார்? அவர்கள் பிள்ளைகள் இப்போது எங்கே? பெரியவர் சொன்னதை அவர் சொன்னபடி, சொன்ன தேதியோடு எழுத வேண்டும். உறுதியானதையும் கேள்விப்பட்டதையும் கலக்கக் கூடாது.

டிரஸ்ஸர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். தாத்தாவின் பெட்டியில் நியமனக் கடிதம், நற்சான்றுப் பத்திரம், ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த குழுப்படம், பழைய நோட்டு எது இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். படத்தின் பின்பக்கம் நிற்பவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். தேசிய ஆவணக் காப்பகம் போன்ற இடத்தில் ஒரு நகலாவது சேரட்டும்.

மாநில சர்ஜனுக்கு அரசிதழ் இருந்தது. நகரத்து டாக்டருக்குப் பெயர்ப்பலகை இருந்தது. தோட்டத்து டிரஸ்ஸருக்கும் மருத்துவச்சிக்கும் இருப்பது அவர்களால் பிழைத்தவர்களின் நினைவு ஒன்றுதான். அந்த நினைவு உள்ளவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த வாரக் கடைசியில் அவர்களில் ஒருவரைப் போய்ப் பாருங்கள். 'டிரஸ்ஸர் ஐயா பேரு என்ன தாத்தா?' என்று கேளுங்கள். பதில் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.